கறுப்பு ஒயர்

ட்ரிப்பர் விழுந்தது. பெரியப்பா குளியலறைக்குள் போய்விட்டார் என்று அர்த்தம்.

கூடத்து மின்விசிறி மனமில்லாமல் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. சமையலறையில் மிக்ஸி, பேச்சின் நடுவில் மைக் பிடுங்கப்பட்ட தலைவரைப் போல அடங்கியது. மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த அக்கா, "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று திரையிடம் இரண்டு முறை கேட்டாள். மூன்றாவதாக உரக்க ஒரு வார்த்தை சொன்னாள். அது திரைக்குச் சொன்னது அல்ல. அம்மா காதில் விழாதவள் போல மிக்ஸி மூடியைத் துடைத்தாள். அப்பா கண்ணாடி முன்னால் ஒரு கன்னத்தை வழித்துவிட்டு, மறு கன்னத்தில் நுரையோடு நின்றிருந்தார். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

"அந்த ஆளு போயாச்சு."

யாரும் பதறவில்லை. ஒரு வாரமாக இதுதான் நடக்கிறது. பெரியப்பா உள்ளே போனால் எங்கள் வீட்டில் கரண்ட் போகும். அவர் வெளியே வந்தபிறகுதான் வரும். இடையில் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இந்த ஒரு விஷயத்தில் எந்த மனிதனையும் அவசரப்படுத்த முடியாது.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வீடாக இருந்தவை. அப்பாவும் அவருடைய அண்ணனும் அதை இரண்டாகப் பிரித்தபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். சண்டை எதனால் வந்தது என்று கேட்டால் அப்பா ஒரு காரணம் சொல்வார், அம்மா ஒரு காரணம் சொல்வாள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுமே இல்லை என்று தெரியும். நடுவில் ஒரு சுவர் வேண்டும் என்பதில் அண்ணன் தம்பிக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது. அந்தச் சுவர் யாருடைய இடத்தில் நிற்பது என்பதில்தான் இல்லை. சுவருக்கும் கனம் உண்டு, அந்தக் கனமும் நிலம்தான் அல்லவா? ஆளுக்குப் பாதி என்று முடிவானதும், அந்தப் பாதி எவ்வளவு ஒல்லியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிற்க வைத்துக் கட்டிய சுவர் அது. கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டே கட்டினாராம். பெரியப்பா தும்மினால் எங்கள் பக்கத்துக் காலண்டர் ஆடும்.

படிக்கட்டு எங்களுக்கு வந்தது. பழைய குளியலறை அவருக்குப் போனது. அதன் ஒரே ஜன்னல் எங்கள் பக்கம் திறந்தது. அப்பா அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். அன்றிலிருந்து பட்டப்பகலிலும் விளக்குப் போடாமல் அதற்குள் போக முடியாது. தண்ணீர்த் தொட்டி, வாசல், துணி காயப்போடும் கம்பி உட்பட எல்லாவற்றையும் பிரித்தார்கள். சுவருக்குள் ஓடிய ஒயர்களைப் பிரிக்க அப்பா ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். பெரியப்பா வேறொருவரைக் கூப்பிட்டார். இவன் செய்வதை அவன் பார்க்கக் கூடாது என்பது இரு தரப்பு உத்தரவு. இருவரும் சிவப்பு ஒயர்களை ஒழுங்காகப் பிரித்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்கள். குளியலறை விளக்கிலிருந்து கரண்ட் திரும்பும் கறுப்பு ஒயர் மட்டும் எங்கள் பக்கத்துப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. கரண்ட் அவர் வீட்டிலிருந்து கிளம்பி, அவருடைய பல்பை எரித்துவிட்டு, எங்கள் வீட்டு வழியாகத் திரும்பியது. இத்தனை வருஷமாக அண்ணன் தம்பிக்கு நடுவில் இருந்த ஒரே போக்குவரத்து அதுதான். இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் நிறுத்தியிருப்பார்கள்.

மாடியில் அக்காவுக்கு ஓர் அறை கட்ட ஆரம்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவளுக்கு ஒரு கதவாவது வேண்டும், அதை ஓங்கிச் சாத்த அவளுக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஒயரிங் வேலைக்கு டெஸ்டர் அண்ணன் வந்தார். தச்சர்கள் பென்சில் செருகும் காதில் அவர் டெஸ்டர் செருகியிருப்பார். அதனால் தெரு முழுக்க அந்தப் பெயர்தான். தான் ஒயரிங் செய்த வீடுகளில் இதுவரை ஒரு பல்லி கூடச் செத்ததில்லை என்பது அவருடைய விளம்பரம். மேல் அறைக்கும் சேர்த்துப் படிக்கட்டின் அடியில், நடுச்சுவரில், புதிய போர்டு ஒன்றை மாட்டினார். அதன் நட்டநடுவில் சின்னக் கறுப்பு நாக்கோடு ட்ரிப்பர் உட்கார்ந்திருந்தது.

"இது நாய் மாதிரிம்மா. போன கரண்ட் போன வழியிலயே திரும்பி வரணும். கொஞ்சம் வழி மாறினாலும் இது படக்குனு விழுந்துடும். உயிரைக் காப்பாத்தும்."

"இது இல்லாம இத்தனை வருஷம் நாங்க உயிரோடதானே இருந்தோம்?" என்றாள் அம்மா.

"அது உங்க அதிர்ஷ்டம். அதுக்கெல்லாம் நான் கேரண்டி தர முடியாது."

போர்டுக்குப் பக்கத்தில் குழாய் பதிக்கச் சுவரைக் கொத்தும்போது உளி மறுபக்கம் போய்விட்டது. நிற்க வைத்த செங்கல்லுக்கு அதற்கு மேல் தாங்கும் யோக்கியதை இல்லை. ஒரு முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்தப் பக்கத்து நடையிலிருந்து பெரியப்பாவின் ஒரு கண் அதன் வழியே எங்களைப் பார்த்தது. எங்கள் பக்கத்திலிருந்து அப்பாவின் ஒரு கண் அதைப் பார்த்தது. இரண்டு கண்களும் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலமே பெரியப்பா ஏதோ அட்டைப்பெட்டியைக் கிழித்து அவர் பக்கத்திலிருந்து ஒட்டிவிட்டார். அட்டையில் அச்சாகியிருந்த 'கவனமாகக் கையாளவும்' என்பதில் 'கவனமாக' மட்டும் எங்கள் ஓட்டைக்குள் தெரிந்தது.

மறுநாள் மெயினை இறக்கிவிட்டு, ஸ்டூலில் ஏறி, கறுப்பு ஒயர்களை முறுக்கிக்கொண்டிருந்த டெஸ்டர் அண்ணன் ஸ்டூலோடு கீழே வந்தார். மெயின் இறங்கித்தான் இருந்தது. நான் பார்த்தேன், அக்கா பார்த்தாள்.

"கறுப்பு கடிக்குதுய்யா!" என்றார் தரையிலிருந்து. "கறுப்பு எப்பிடிய்யா கடிக்கும்? என் சர்வீஸ்ல கறுப்பு கடிச்சதே இல்லையே!"

பேயைப் பார்த்தவரைவிட அதிகமாக வியர்த்திருந்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, அந்த அட்டையில் காதை வைத்துக்கொண்டு பாதி நாளை ஓட்டினார். அந்தப் பக்கம் 'டிக்' என்று ஒரு ஸ்விட்ச் சத்தம் கேட்டதும் இந்தப் பக்கம் ட்ரிப்பர் 'டக்' என்று விழுந்தது. இன்னொரு தடவை டிக், இன்னொரு தடவை டக். கண்டுபிடித்துவிட்டார்.

"சார், அவர் பாத்ரூம் லைட்டோட கறுப்பு நம்மகிட்ட இருக்கு. அவர் போட்டா நமக்கு விழுது. நமக்கு விழுந்தா அவருக்கும் லைட்டு போயிடுது. அந்தப் பக்கம் ஜங்ஷன் பெட்டியைத் திறந்து பிரிச்சாத்தான் தீரும். நீங்க ஒரு வார்த்தை அவருகிட்ட..."

"அந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

"நான் மிதிக்கறேன் சார். எனக்கு என்ன?"

"என் ஆளா போகக் கூடாது."

"அப்ப யார் ஆளா போறது? கறுப்பு ஒயரோட ஆளாவா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வேணும்னே பண்றான்யா. இந்த வீட்டுல ஒரு ரூம் எழும்பறது அவனுக்குப் பொறுக்கல" என்றார். ஒன்றுக்குப் போவதை யாரும் வேண்டுமென்றே செய்ய மாட்டார்கள் என்று டெஸ்டர் அண்ணன் விளக்கிப் பார்த்தார். அந்தப் பக்கமும் இதே ஆராய்ச்சிதான் நடந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் அட்டைக்குப் பின்னாலிருந்து, யாருக்கும் சொல்லாமல் எல்லாருக்கும் சொல்லும் குரலில், "ஜன்னலை அடைச்சாச்சு. இப்ப லைட்டையும் அணைக்கிறானுங்க. அடுத்தது மூச்சை அடைப்பானுங்க" என்று கேட்டது. அதன்பின் ஸ்டூல் இழுபடும் சத்தம். பல்பை மாற்றிப் பார்க்கிறார் போலிருக்கிறது.

"இந்த வயசுல ஸ்டூல்ல ஏறுறான் பாரு" என்றார் அப்பா. ஏசுகிறாரா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

பெரியம்மா இறந்தபிறகு பெரியப்பா தனியாகத்தான் இருக்கிறார். பெண் எங்கோ தூர தேசத்தில். அந்தச் சாவுக்கு அப்பா போனார். தெருவில், வாடகை நாற்காலியில், வேறு யாருடைய உறவினரோ போல உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். பெரியப்பா எப்போது எழுகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று எங்களுக்கு எதுவும் தெரியாது. இந்த ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. நான் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறேன். ஒரே ஒரு மனிதனின் ஒரே ஒரு பழக்கத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அம்மா அவரிடம் படித்ததில்லை. "சர்க்கரை இருக்கும் போல உங்க அண்ணனுக்கு. அடிக்கடி விழுது" என்று இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். அப்பா அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, ட்ரிப்பர் விழ வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் கேட்காமலேயே டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை டெஸ்டர் அண்ணன் வந்திருந்தது ட்ரிப்பரைக் கழற்றுவதற்கு. அப்பாவின் முடிவு அது. பெட்டியைத் திறக்கவும் வேண்டாம், வாசற்படியை மிதிக்கவும் வேண்டாம். நாயைத் துரத்திவிட்டால் குரைப்பு நின்றுவிடும். டெஸ்டர் அண்ணன் நேற்றே வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. வருகிறேன் என்று சொன்ன நாளில் வருவது அந்தத் தொழிலின் மரியாதைக்குக் குறைவு.

"இது தப்பு சார். வாயால சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்று பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போதுதான் ட்ரிப்பர் விழுந்தது.

"சரி, அவர் வரட்டும். உள்ள கரண்ட் இருக்கும்போது நான் கறுப்பைத் தொட மாட்டேன். ஒரு தடவை கடி வாங்கினது போதும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அம்மா அவருக்கு டீ கொடுத்தாள். அவர் டீயைக் குடித்து முடித்தார். அக்கா கைபேசியில் தன் மேலதிகாரியிடம் மின்வெட்டைப் பற்றி நாட்டின் மேல் பழிபோட்டுப் பேசினாள். நான் எழுந்து போர்டின் நாக்கைத் தூக்கினேன். விழுந்தது.

"இன்னும் வரல" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினேன். விழுந்தது. மின்விசிறி ஓர் இறகை மட்டும் அசைத்துவிட்டு நின்றது.

"என்ன இன்னிக்கு இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.

"கோட்டை கட்டறான்" என்றார் அப்பா. ஆனால் கத்தியைக் கழுவி வைத்துவிட்டார். மறு கன்னத்தை வழிக்கவில்லை.

டெஸ்டர் அண்ணன் டீ கிளாஸின் அடியைப் பார்த்தார். "ஸ்விட்சை அணைக்க மறந்துட்டு வெளிய வந்திருப்பாரு. லைட்டுதான் எரியலையே, அணைக்கணும்னு எப்படித் தோணும்?"

நியாயமான வாதம். யாராவது தலையாட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணாடியைப் பார்த்தார்.

"அவரா? மறப்பாரா?" என்றாள் அம்மா. "நான் கல்யாணமாகி வந்த புதுசுல, ரூமுக்குள்ள நான் புடவை மடிச்சிட்டிருக்கும்போதே லைட்டை அணைச்சிட்டுப் போவாரே. எரியற லைட்டு, எரியாத லைட்டுனு பாக்கற ஆளா? விரல் சும்மா இருக்காதே அவருக்கு."

இது எங்களுக்கும் தெரியும். ஏனென்றால் அப்பாவும் அப்படித்தான். ஊரே இருட்டில் கிடக்கும்போது எழுந்து வந்து ஒவ்வொரு ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பவர். இந்த வம்சத்து ஆண்களுக்கு ஒரு ஸ்விட்சைப் போட்ட நிலையில் விட்டுவிட்டு நகர முடியாது.

நான் மறுபடி தூக்கினேன். விழுந்தது. இந்த முறை அந்தச் சின்ன 'டக்' கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. சத்தம் கூடவில்லை. வீடு அமைதியாகியிருந்தது.

"மிக்ஸி நின்னதும் அந்தப் பக்கம் வாளி உருண்ட மாதிரி ஒரு சத்தம்" என்றாள் அம்மா மெல்ல. "இவ கத்தினதுல சரியா கேக்கல."

"நான் எங்க கத்தினேன்?" என்றாள் அக்கா. கைபேசியில் மேலதிகாரி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அக்கா பாதியில் அதை அணைத்தாள்.

கணக்கு ரொம்ப எளிமையாக இருந்தது. அவர் இருட்டறைக்குள் நுழைந்தார். ஸ்விட்சைப் போட்டார். ஒரு கணம் வெளிச்சம், உடனே இருட்டு. வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு இரண்டு மடங்கு. ஈரத் தரை. இருட்டாக்கியது எங்கள் நாய். இதை இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லார் முகத்திலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் நேரம் கடந்தும் உள்ளே இருக்கிறார் என்பது உலகத்திலேயே எங்கள் ஐந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். ட்ரிப்பரை நேற்றே கழற்றியிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா தன் கைபேசியில் ஒரு எண்ணைத் தேடினாள். அதை 'அந்தப் பக்கம்' என்று சேமித்து வைத்திருந்தாள். அப்பா ஆச்சரியப்பட நேரமில்லாமல் ஆச்சரியப்பட்டார். சுவருக்கு அப்பால், நடையைத் தாண்டிய ஏதோ ஓர் அறையில், மணி அடித்தது. நாங்கள் அனைவரும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டோம். அடித்தது. அடித்தது. ஒரு பெண்குரல் மிகவும் பணிவாக, அவர் எடுக்கவில்லை என்றது.

"முன் கேட்டைத் தட்டு" என்றார் அப்பா. யாரிடம் என்று சொல்லவில்லை. அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். பெரியப்பா திருட்டுப் பயத்தில் கேட்டை உள்பக்கமாகப் பூட்டு போட்டுப் பூட்டியிருப்பார் என்பது தெருவுக்கே தெரியும். இரும்பை உலுக்கும் சத்தம் எங்களுக்கு இரண்டு முறை கேட்டது, தெரு வழியாக ஒரு தடவை, சுவர் வழியாக ஒரு தடவை. "பெரியப்பா! பெரியப்பா!" என்று அக்கா கூப்பிட்டாள். அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல்முறை, நன்றாகத்தான் உச்சரித்தாள்.

அப்பா ஓட்டைக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்தது. இரண்டு விரல்களை உள்ளே விட்டு அட்டையைத் தள்ளினார். பெரியப்பா எதையும் அரைகுறையாக ஒட்டுபவர் அல்ல. மூன்றாவது தள்ளலில் அது மறுபக்கம் விழுந்தது. அப்பா முகத்தைச் சுவரோடு வைத்தார்.

"ஏங்க" என்று கூப்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், "ஏங்க... உள்ள யாருங்க?"

"என்ன சார், வாடகைக்கு வீடா கேக்கறீங்க?" என்றார் டெஸ்டர் அண்ணன். உடனே வாயை மூடிக்கொண்டார்.

அப்பா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் ஊன்றியிருந்த உள்ளங்கை நழுவி, மறுபடி ஊன்றியது.

"அண்ணா."

அந்தப் பக்கம் எதுவும் இல்லை. தண்ணீர்க் குழாய் சொட்டும் சத்தம் மட்டும்.

"என்ன தெரியுது?" என்றாள் அம்மா.

"நடை. பாத்ரூம் கதவு சாத்தியிருக்கு." அப்பாவின் குரல் சுவருக்குள் போய்த் திரும்பி வந்தது. "டேய், தூக்கு."

தூக்கினேன். விழுந்தது.

"வந்துச்சு" என்றார் அப்பா. "கதவுக்கு அடியில வெளிச்சம் வந்துச்சு. போயிடுச்சு. தூக்கு."

தூக்கினேன். விழுந்தது. எங்கள் கூடத்தில் டியூப் லைட் ஒரு முறை கண் சிமிட்டியது. அந்தக் கதவுக்கு அடியிலும் ஒரு முறை சிமிட்டியிருக்கும்.

"தூக்கிட்டே இரு. கீழ கிடந்தாலும் அவனுக்குத் தெரியட்டும். நாம இருக்கோம்னு தெரியட்டும்." பிறகு ஓட்டைக்குள், "அண்ணா, ஸ்விட்ச் தாழ்ப்பாளுக்குப் பக்கத்துல. உள்ளதான். கைய நீட்டு. கதவைப் பிடிச்சுக்கோ, எந்திரி" என்றார். வருஷக்கணக்காகப் பேசாத ஒருவரிடம், நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுவது போலப் பேசினார். "நாந்தான். நாந்தாண்ணா. ஜன்னலைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

நான் தூக்கினேன், விழுந்தது, தூக்கினேன், விழுந்தது. விரல் நகத்துக்கு அடியில் வலித்தது. பெரியப்பாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஓட்டையில் பார்த்த அந்த ஒற்றைக் கண்ணைத் தவிர எதுவும் வரவில்லை. அதற்கு வேண்டிய மீதி முகத்தை அப்பாவிடமிருந்துதான் எடுத்துப் பொருத்த வேண்டியிருந்தது.

"தம்பி, இப்படிப் போட்டுப் போட்டு எடுத்தா பல்பு போயிடும்" என்றார் டெஸ்டர் அண்ணன். அவர் கையில் இப்போது ஸ்க்ரூ டிரைவர் இல்லை. சுத்தியலும் உளியும் இருந்தன. "சார், விலகுங்க. ரெண்டு அடி அகலம் எடுத்தா நான் உள்ள போயிடுவேன். செங்கல் நிக்க வெச்சதுதான்."

அப்பா நகர்ந்தார்.

"ஆனா பாதி சுவர் அவரோடது சார். நாளைக்கு..."

"உடைய்யா!"

முதல் அடியில் எங்கள் பக்கத்துப் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஒரு செங்கல் ஆடியது. காலண்டர் ஆணியோடு கீழே வந்தது. நான் தூசிக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, இரும்புக் கேட்டின் சத்தமும் சுத்தியலின் சத்தமும் மாறி மாறிக் கேட்க, நாக்கைத் தூக்கினேன்.

அது நின்றது.

கையை எடுத்தேன். நின்றது. டியூப் லைட் இரண்டு முறை துடித்து முழுசாக எரிந்தது. மின்விசிறி கிளம்பி, தூசியை அள்ளிச் சுற்ற ஆரம்பித்தது. அணைக்க மறந்திருந்த மிக்ஸி யாருமில்லாத சமையலறையில் உறுமியது. அம்மா ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு, ஓடி வந்தாள். கரண்ட் வந்ததற்காக எங்கள் வீட்டில் ஒருவர் கூட மகிழவில்லை.

"அணைச்சிட்டார்" என்றேன்.

டெஸ்டர் அண்ணன் ஓங்கிய சுத்தியலை ஓங்கியபடியே வைத்திருந்தார். "அணைச்சிருந்தாலும் நிக்கும். பல்பு போயிருந்தாலும் நிக்கும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

தெருவில் அக்கா கேட்டை உலுக்குவதை நிறுத்தியிருந்தாள்; எங்கள் ஜன்னலில் வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்பா ஆடும் செங்கல்லை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஓட்டையில் முகத்தைப் பதித்தார். கதவுக்கு அடியில் இருட்டு என்றார். கதவு அசையவில்லை என்றார். டெஸ்டர் அண்ணனிடம் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், கொஞ்சம் பொறு என்று. கேட்பதற்காக. மின்விசிறியின் சத்தம் இடைஞ்சலாக இருந்தது, அம்மா எட்டி அதை நிறுத்தினாள்.

"அண்ணா" என்றார் அப்பா. இப்போது கத்தவில்லை. வாயில் தூசி ஒட்டியிருந்தது. "லைட்டைப் போடுண்ணா. ஒரே ஒரு தடவை போடு."

டெஸ்டர் அண்ணனின் சுத்தியல் அந்தரத்தில் இருந்தது. அம்மாவின் கை ஸ்விட்சின் மேலேயே இருந்தது. பிரகாசமாக எரிந்துகொண்டிருந்த வீட்டுக்குள் நாங்கள் எல்லாரும் திரும்பி, போர்டின் நடுவில் நெட்டுக்குத்தாக நின்ற அந்தச் சின்னக் கறுப்பு நாக்கை, விழு, விழு என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.